ஓடையும் லயமும்

சிவனொளிபாதமலையிற் பிறந்த களுகங்கை எம் இரத்தினபுரியைத் தழுவி ஓடுகின்றது. மணிக்குப் பெயர்பெற்ற இந்நகருக்கு மழையும் பெருஞ்செல்வமே. அச்செல்வத்தை நாம் எவ்வாறு ஆள்கின்றோம் என்பதை இவ்விழாமலரிற் சிறிது ஆராய விழைகின்றோம்.

நம் பாட்டனார் காலத்தில் தோட்டங்கள் பல, ஓடைநீரைக் குழாய்வழி இறக்கிச் சுழலியைச் சுழற்றித் தேயிலைத் தொழிற்சாலையை இயக்கின. நாட்டின் பொது மின்வழி மலையேறியபின் அச்சுழலிகளுட் பல துருவேறிக் கிடந்தன. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918 இல் வற்புறுத்திய நீர்மின் எண்ணம் 1950 இல் இலக்சபானையில் நிறைவேறியது. எனினும், தேவை பெருகவே 2011 இல் நுரைச்சோலையில் நிலக்கரி எரியத் தொடங்கிற்று. இன்று அந்நிலையத்தின் வலு 900 மெகாவாற்று. அந்நிலக்கரியோ கடல்கடந்து வருவது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் அருகியபோது, நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்னின்றி இருந்தோம். ஆகவே, கரிப்புகையைக் குறைத்தல் உலகுக்கு நாம் செய்யும் உபகாரம் மட்டுமன்று. நம்மை நாமே காத்தலுமாம்.

2030 இல் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க வலுவினாற் பெறுவதென அரசு இலக்கு வகுத்துள்ளது. சப்பிரகமுவையின் ஓடைகளிற் சிறு நீர்மின் நிலையங்கள் பல எழுந்துள்ளன. இவற்றை வரவேற்கின்றோம். சிற்றோடை நாட்டைத் தாங்குமோ எனின், தனித்துத் தாங்காது. கோடையில் ஓடை மெலியும்போது கூரைமேல் விழும் வெயில் துணைசெய்யும்.

எம்மை வருத்துவது வேறொன்று. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் கிராமத்தார் பலர் சங்கம் அமைத்து, சிறு சுழலி நாட்டித் தம் வீடுகளுக்குத் தாமே ஒளியேற்றினர். அவர்க்கு இயன்றது தோட்டத்தார்க்கு இயலாமைக்கு அறிவின்மையோ சோம்பலோ காரணமன்று. நிலமும் நீரும் அவர் கையில் இல்லாமையே காரணம். ஓடை லயத்தருகே ஓடுகின்றது. அதன் வருவாய் வேறெங்கோ செல்கின்றது. லயத்து அடுப்போ இன்றும் விறகிற் புகைகின்றது.

ஆதலின், நீர்மின் நிலையத்துக்கு உரிமம் வழங்குங்கால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்போம். அணைக்குக் கீழும் ஓடை உயிரோடு ஓடுமளவு நீர் விடுதல் ஒன்று. வருவாயில் ஒரு பங்கை அத்தோட்டத்துக் குடும்பங்களுக்கு உரித்தாக்கல் மற்றொன்று. பொறியியலாளராயும் சட்டவறிஞராயும் தோட்ட உத்தியோகத்தராயும் விளங்கும் பழைய மாணவரே, இதனை எடுத்துரைக்க நும்மினும் தக்கார் யாவர்? தாயின் தலைச்சுமையால் உயர்ந்தவர் நம்முட் பலர்; அக்கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.