படத்துக்குக் கீழே பேர் எங்கே?



போன வாரம் ஓவிய வகுப்பில் டீச்சர் ஒரு அமெரிக்கப் படம் காட்டினார். கையில் ஊசி நூலோடு ஒரு அம்மா, தைப்பதை நிறுத்திவிட்டு 'என்ன வேணும்?' என்பதுபோல் நம்மைப் பார்க்கிறார். அந்த நாடு புதிதாகக் குடியரசான காலத்தில், 1793-94இல், கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்தது. படத்தின் பேர் 'மிஸஸ் ரிச்சர்டு யேட்ஸ்'. அது அவர் வீட்டுக்காரர் பேர்! அந்த அம்மாவின் பேர் கேத்தரின்.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? 1873இல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மா பரிசு வாங்கிய படத்தில் தலையில் மல்லிகைப்பூ வைக்கும் பெண் யார்? 'நாயர் பெண்', அவ்வளவுதான். பரிசு வாங்கினவர் பேர் மட்டும் நமக்கு மனப்பாடம்.

படம் அழகாக இருந்தால் போதாதா, பேர் எதுக்கு என்று என் பக்கத்து பெஞ்சுத் தோழி கேட்டாள். மைசூரைப் பாருங்கள் (1799 வரை நம்ம கோவையும் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது). அங்கே 1805இல் தாமஸ் ஹிக்கி மூன்று பெண்களை வரைந்தார். யாரோ நாட்டியப் பெண்கள் என்றே ரொம்ப காலம் நினைத்தார்கள். நாட்டியம் ஆடுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அரச குடும்பத்துப் பெண்கள், ஒருத்தி இளம் ராணி தேவஜம்மணி என்று நைஜல் சான்சலர் என்ற ஆய்வாளர் 2001இல் எழுதினார். அவள் சேலையை ஒதுக்கிக் காட்டுவது அம்மைத் தடுப்பூசி போட்ட கையையாம்! ஊரே ஊசிக்குப் பயந்த காலத்தில் எவ்வளவு தைரியம்! பேர் இல்லாததால் அந்தத் தைரியமும் இருநூறு வருஷம் காணாமல் போய்விட்டது.

எங்கள் உக்கடம் வீட்டுச் சுவரிலும் ஒரு போட்டோ இருக்கிறது. கீழே அப்புச்சி பேர் பெரிசாக, பக்கத்தில் 'மற்றும் மனைவி'. மார்க்கெட்டில் காய் விற்று அந்த வீட்டைக் கட்டினதே அம்மாயிதான். "ஏனுங் அம்மாயி, உங்க பேரு எங்கீங்?" என்று கேட்டேன். "என்ற பேரு எதுக்கு கண்ணு, அதான் ரேசன் கார்டுல இருக்குதல்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் சுவர் இதழிலும் மகளிர் தினத்துக்கு வரைந்த படங்களுக்கு 'ஒரு தாய்', 'உழைக்கும் பெண்' என்றுதானே எழுதினோம்? யாரைப் பார்த்து வரைந்தோமோ அவர் பேரை எழுதினால் என்ன?

அடுத்த மாத இதழுக்கு அம்மாயியை வரைந்துகொண்டிருக்கிறேன். மூக்குதான் சரியாக வரவில்லை. பேர் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி