சாமான் இறக்காத எல்லை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நேரம், ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில பிற்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போறன். ஒரு வீட்டு வான் வாடகைக்கு எடுத்திருக்கிறன்" என்றாள்.

வீட்டு வான் என்றால் என்னவென்று கேட்டேன். படுக்கிறதுக்குக் கட்டில், சமைக்கக் காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளிக்கிற அறை, மலசலகூடம் எல்லாம் ஒரு வானுக்குள்ளேயே இருக்குமாம். அங்கே சனம் சந்தோசத்துக்காக அதில் ஊர் சுற்றுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும்தான் வீட்டை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். கிளிநொச்சியில் கழற்றிய கூரைத் தகரம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எத்தனை இடம் பார்த்தது!

அதன் பிறகு வாரம் ஒருமுறை கூப்பிட்டு, தான் ஆயத்தம் செய்கிறவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிற்ஸ்பேர்க் ஐந்தாறு மணித்தியால ஓட்டம்தான். ஆனால் நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருக்கிறது. போர்ட் ஈரி என்ற ஊரையும் பஃபலோ நகரத்தையும் இணைக்கிற, நயாகரா ஆற்றின் மேலே 1927 இல் திறந்த பாலத்தால்தான் போகவேண்டும். அந்தப் பாலத்துக்கு "சமாதானப் பாலம்" என்று பெயர். வாடகைக்குக் கொடுத்தவர்களிடம், இந்த வாகனத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலாம் என்று எழுத்தில் வாங்க வேண்டும். காப்புறுதி அந்தப் பக்கமும் செல்லுபடியாகுமா என்று பார்க்க வேண்டும். வானின் உயரம் பதினொரு அடிக்கு மேல், ஆகையால் தாழ்வான பாலங்களுக்குக் கீழே போகக்கூடாது. ஓடும்போது காஸ் சிலிண்டரைப் பூட்டிவிடுவது நல்லது. அங்கே வீதிப் பலகைகளில் கிலோமீற்றர் இல்லை, மைல்தான். 65 என்று எழுதியிருந்தால் எங்களுடைய கணக்கில் 105.

அவளுடைய மாமிக்கும் போக ஆசை. ஆனால் மாமி கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்தும் இலங்கைக் கடவுச்சீட்டோடுதான் இருக்கிறா. அதனால் அவவுக்கு அமெரிக்க விசா வேண்டும். அந்த மனுசி வீட்டில் நின்றுவிட்டா.

சமையல் சாமானில்தான் பெரிய வேடிக்கை. கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாதாம். தோடை, தேசி மரங்களுக்கு நோய் பரப்புகிற ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும் என்பதால் அமெரிக்காவுக்குள் அதை விடமாட்டார்கள். விறகும் அப்படித்தான், மரப்பட்டைக்குள் புழு போய்விடும் என்று பயம். "கறிவேப்பிலை இல்லாமல் நான் எப்பிடி அக்கா தாளிக்கிறது?" என்று கேட்டாள். ஊரில் இருந்தபோது கறியிலிருந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி எறிந்தவள்தான் இவள்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு 2003 ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஏ9 வீதி திறந்த பிறகு, என் கணவர் ஒரு பழைய ஹயஸ் வான் வாங்கினார். அதற்கு முந்திய காலத்தை மூத்த சகோதரிகள் மறந்திருக்கமாட்டீர்கள். பெற்றோல் சொட்டு விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள், சவர்க்காரத்துக்கும் பற்றறிக்கும் தடை. அதையெல்லாம் கண்ட எங்களுக்கு அந்த வான் ஒரு விமானம் மாதிரி.

கொழும்பில் அம்மாவின் நெஞ்சு வருத்தத்துக்குக் காட்ட வேண்டும் என்று புறப்பட்டோம். ஒரே நாடுதான், ஆனால் எல்லை இரண்டு. புளியங்குளத்தில் ஒன்று, ஓமந்தையில் மற்றது. நடுவில் இருந்த வெறும் நிலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி பறக்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே நான் கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டேன். போகிறவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பாஸ், அம்மாவின் மருந்துச் சிட்டை, வானின் பதிவுப் புத்தகம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம். சாமான்களை எப்படி அடுக்குவது என்பது தனிப் படிப்பு. முதலில் இறக்கவேண்டியது கடைசியில் ஏறவேண்டும். பையை அவிழ்த்துக் காட்டினால் திரும்பக் கட்டத் தெரியாதபடி கட்டக்கூடாது. அரிசிக்குள் எதையும் வைக்கக்கூடாது, கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். வீதிக்குக் கரையில் இறங்கக்கூடாது, இரண்டு பக்கமும் மிதிவெடி மண்டையோட்டுப் பலகை. ஆகவே பிள்ளைகளுக்குப் புறப்படும்போதே எல்லாம் முடிப்பித்துவிட வேண்டும். பின்னேரத்துக்குள் கடக்காவிட்டால் அன்றைக்கு இல்லை. எழுபது எண்பது கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு பகல். இரண்டு இடத்திலும் முழுச் சாமானையும் இறக்கி ஏற்றினோம். அம்மா வரிசைக்குப் பக்கத்தில், இடியப்பத் தட்டுப் பெட்டிக்கு மேலே இருந்து செபமாலை உருட்டினா.

2006 ஆகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை தொடங்க யாழ்ப்பாணத்துக்கான வழி மூடப்பட்டது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். எங்களுடைய வான் 2009 இல் முள்ளிவாய்க்காலில், ஆயிரக்கணக்கான வாகனங்களுக்கு நடுவில் நின்றுவிட்டது. என் கணவர் காணாமற்போனார். இடுப்பில் கட்டிய பொலித்தீன் பையில் பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் என்னோடு வந்தன. வானின் புத்தகம் வரவில்லை. "வானின்ரை கடதாசி வானுக்குள்ளதான் இருக்கவேணும்" என்று அவர் எப்போதும் சொல்வார், அது அங்கேயே போய்விட்டது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், தங்கச்சியின் பட்டியலில் ஒரு கடிதம் இருந்தது. பிள்ளைகள் தாயோடு மட்டும் எல்லை கடந்தால், "எனக்குச் சம்மதம்" என்று தகப்பன் எழுதிய கடிதம் கையில் இருக்கவேண்டுமாம். பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிறார்களோ என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். அவளுடைய மனிதருக்கு வேலை, லீவு கிடைக்கவில்லை. "அவர் சாப்பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தந்திட்டார்" என்றாள். அவளுக்கு அது ஒரு நிமிடம்.

எனக்கு அது 2018 இல் ஆறு மாதம். என் மகனின் வலது கண்ணில் ஷெல் துண்டின் காயம். மதுரையில் காட்டலாம் என்று ஒரு வைத்தியர் சொன்னார். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். தகப்பன் எங்கே என்று கேட்டார்கள். ஒரு கந்தோரில், "இறப்புச் சான்றிதழ் எடுத்தால் லேசு, அம்மா" என்று சொன்னார்கள். லேசுதான். ஆனால் அந்தப் படிவத்தில் இறந்த திகதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் எந்தத் திகதியைப் போடுவது? பேனையை வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

பிறகுதான் ஒரு சட்டத்தரணிப் பிள்ளை சொன்னா, 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழ் வந்திருக்கிறது என்று. இறந்ததாக ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அதைக் கொண்டு பிள்ளைகளின் பொறுப்பையும், காணாமற்போனவரின் சொத்துகளின் பராமரிப்பையும் மனைவி பார்க்கலாம். இறப்புச் சான்றிதழ் எடுத்த சகோதரிகளை நான் குறை சொல்லவில்லை. அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் இரண்டு வழி இருக்கிறது என்று தெரிந்து எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு. இன்னும் எடுக்காதவர்கள் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கூடவே இன்னொன்று: மூலப் பிரதி ஓரிடத்தில் இருக்கட்டும், நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். என்னுடையவற்றின் நகல் இப்போது ரொறன்ரோவில் தங்கச்சியின் அலுமாரியில் இருக்கிறது.

மகனின் கண்ணில் வெளிச்சம் தெரியும் அளவுக்குப் பார்வை மிஞ்சியது. ஓமந்தைச் சாவடி 2015 இல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது அவ்விடத்தால் பஸ்ஸில் போகும்போது, அவனுக்குக் காட்டுவதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது.

போன வெள்ளிக்கிழமை விடியப்புறம் தங்கச்சி கூப்பிட்டாள். பாலத்தைக் கடந்துவிட்டாளாம்.

"என்ன கேட்டவை?" என்றேன்.

"கடவுச்சீட்டும் அவர் எழுதின கடிதமும் பார்த்தினம். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மறந்துபோய் வைச்ச தோடம்பழம் ரெண்டை எடுத்துப்போட்டினம். அவ்வளவுதான்."

"சாமான்?"

"சாமானுக்கு என்ன?"

"இறக்கச் சொல்லேல்லையோ?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளும் 2003 இல் அந்த வானில் எங்களோடு வந்தவள்தான்.

"இல்லை அக்கா," என்றாள். "ஒண்டும் இறக்கச் சொல்லேல்லை."