திண்டிவனத்தில் தட்டிய கதவு

திண்டிவனம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் பத்து நிமிஷம் நிற்கும், டீ சுமாராக இருக்கும். அவ்வளவுதானே? ஆனால் சார், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்ததே இந்த ஊரில்தான்!

1890-களின் ஆரம்பம். மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் பங்களா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார் மகள் ஐடா. சீக்கிரம் திரும்பிவிட வேண்டும், மிஷனும் வேண்டாம், இந்த வெயிலும் வேண்டாம் என்பது அவர் கட்சி.

ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை. அப்பா கிளம்பத் தயார். ஆம்பளை டாக்டர் கூடவே கூடாது என்றார்கள் வந்தவர்கள். வேறு எதில் ஒத்துப் போனார்களோ தெரியாது, இதில் மூன்று பேரும் ஒரே கட்சி! ஐடாவோ அப்போது டாக்டர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அமெரிக்கா போனார், கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டருக்குப் படித்தார், 1900-ல் திரும்பினார். வேலூரில் முதலில் ஒரே ஒரு கட்டில். 1902-ல் 40. நோயாளி தேடி வரட்டும் என்று உட்காரவில்லை. குடியாத்தம் ரோட்டில் மாட்டு வண்டியிலும், பிறகு பெஜோ காரிலும் மருந்துப் பெட்டியோடு போனார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். வந்தது. (இப்போது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.) ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947-ல்தான். நம்ம ஆட்களுக்கு 29 வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்!

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? இத்தனை பெரிய ஸ்தாபனத்தில் லாபம் யாருக்கு என்று தேடினால், பங்குதாரரே கிடையாது. வசதியுள்ளவர் கட்டுகிற பணத்தில் மிஞ்சுவது, இல்லாதவர் பில்லில் கழிகிறது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் அக்கவுன்ட்ஸ் வாத்தியாரே முழிப்பார்.

இப்போது பிரசவத்துக்கு நம்மவர்கள் வேலூர் வரை ஓட வேண்டியதில்லை. விழுப்புரத்துக்கே 2010-ல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மர். பெரிய வியாதி என்றால் மட்டும், எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காட்பாடி ரயில் ஏறுகிறார்கள். அதில் பாதிப் பேர், 'மிஷன் ஆஸ்பத்திரிதானே, எல்லாம் ஃப்ரீ' என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அப்படி இல்லை சார். கட்ட முடியாதவர் அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும். கூச்சப்பட்டுக் கடன் வாங்கக் கூடாது. டெஸ்ட், ரிசல்ட் என்று நாலைந்து நாள் இழுக்கும். லாட்ஜ் வாடகைக்குத் தனியாக எடுத்து வையுங்கள். அந்த பில்லில் யாரும் கழிக்க மாட்டார்கள்!