காற்றுக் குறைவா, குளிர்க் குறைவா?



வாகனம் என்றால் அது ஆண்களின் விடயம் என்ற எண்ணம் நம் சமூகத்தில் இன்னும் வேரூன்றியே இருக்கிறது. தம்பிக்கு விளையாட்டுக் காரும் அக்காவுக்குச் சட்டி பானையும் வாங்கிக் கொடுக்கும் நாளிலேயே இந்தப் பிரிவினை தொடங்கிவிடுகிறது. ஆனால் இன்று கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலும், கணவரை இழந்து பெண்ணே குடும்பத்தைத் தாங்கும் வீடுகளிலும் பிள்ளையைப் பாடசாலைக்கும் தாயாரைக் கிளினிக்குக்கும் கொண்டு செல்பவள் யார்? பெண்தான். வாகனம் பழுதானால் கராஜில் போய் நிற்பவளும் அவளே. அங்கே அவள் சொல்லும் முதல் வார்த்தையில்தான் அவளுடைய பணம் தங்குவதும் போவதும் இருக்கிறது.

“ஏ.சி. வேலை செய்யுதில்லை” என்று நாம் பொதுவாகச் சொல்லி விடுகிறோம். இதில் இரண்டு வேறு முறைப்பாடுகள் அடங்கியிருக்கின்றன. காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிர் இல்லை என்பது ஒன்று. வருகின்ற காற்றுக் குளிர்தான், ஆனால் காற்றே போதவில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்குக் காஸ், கொம்பிரசர் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குக் காற்று வரும் பாதையைப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால், முதல் வேலையாகக் காஸ் நிரப்பிவிடுவார்கள்.

எங்கள் மாதர் குழுவிலுள்ள ஒரு சகோதரிக்கு இதுதான் நடந்தது. கணவர் மத்திய கிழக்கில். மகனுக்கு இழுப்பு நோய். பழைய ஜப்பானியக் கார் ஒன்றில் மாதாமாதம் கிளினிக் போய் வருபவர். ஏ.சி.யில் காற்றுக் குறைந்ததும் கராஜில் காஸ் நிரப்பினார்கள். மூன்று மாதத்தில் மறுபடியும் நிரப்பினார்கள். காற்று மட்டும் கூடவில்லை. இறுதியில் வேறோர் இடத்தில் பில்டரைக் கழற்றிப் பார்த்தபோது, அது தூசியும் முடியும் இலைச் சருகும் ஒட்டிக் கம்பளித் துண்டுபோல் இருந்தது. இரண்டு முறை காஸுக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் புதிய பில்டரின் விலை மிகச் சொற்பம். அவ்வளவு காலமும் அந்தப் பிள்ளை சுவாசித்தது அந்த அழுக்கைத் தாண்டி வந்த காற்றைத்தான்.

காற்று வரும் பாதை எளிமையானது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்திலுள்ள சல்லடை வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. ‘புளோவர்’ எனப்படும் விசிறி அதை இழுத்துத் தள்ளுகிறது. வழியில் ஒரு பில்டர் தூசியைத் தடுக்கிறது. பிறகு கூலிங் கொயில் குளிராக்குகிறது. ஹீட்டர் கொயில் சூடாக்குகிறது. கடைசியில் சிறு கதவுகள் அந்தக் காற்றை முகத்துக்கோ, காலுக்கோ, கண்ணாடிக்கோ அனுப்புகின்றன. குளிர்க்காற்றானாலும் சூட்டுக்காற்றானாலும் வழி ஒன்றே. ஆகவே இரண்டிலுமே காற்றுக் குறைவாக இருந்தால் குற்றம் காஸில் இல்லை.

வாகனத்தை நிழலில் நிறுத்தி, பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைக் கவனியுங்கள்:

1. விசிறியை ஒவ்வோர் எண்ணாகக் கூட்டுங்கள். எந்த எண்ணிலும் சத்தமே இல்லையென்றால் பியூஸ், ரிலே, புளோவர் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடைசி எண்ணில் மட்டும் வேகமாகச் சுற்றி மற்றவற்றில் நின்றுவிட்டால், பெரும்பாலும் ‘ரெசிஸ்டர்’ என்ற சிறு பாகம்தான் பழுது. அதற்காக மோட்டாரை மாற்றத் தேவையில்லை.

2. விசிறிச் சத்தம் பலமாகக் கேட்கிறது, காற்று மட்டும் மெலிவு என்றால் பாதை அடைபட்டிருக்கிறது. முதற் சந்தேகம் பில்டர். அடுத்தது கூலிங் கொயிலில் படிந்த அழுக்கு. கடகடவென்ற சத்தமும் சேர்ந்து கேட்டால் விசிறிக்குள் சருகு விழுந்திருக்கலாம். எலி கூடு கட்டியிருக்கவும் கூடும்.

3. கார்ப் படத்துக்குள் அம்பு வளைந்து சுற்றும் அடையாளமுள்ள பட்டன், உள்காற்றையே திரும்பச் சுற்ற வைப்பது. அதை அழுத்தும்போது காற்றுக் கூடி, வெளிக்காற்றுக்கு மாற்றும்போது குறைந்தால், வைப்பருக்குக் கீழுள்ள சல்லடையில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வேப்பமரத்தடியில் வாகனம் நிறுத்துவோர் இதை அடிக்கடி பார்ப்பது நல்லது.

4. ஒரு துவாரத்தில் மட்டும் காற்று இல்லையென்றால், அதன் இதழ்கள் மூடியிருக்கின்றனவா என முதலில் பாருங்கள். திறந்திருந்தும் வராமல், டாஷ்போட்டுக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்டால், உள்ளிருக்கும் சிறு கதவை அசைக்கும் மோட்டாரில் கோளாறு இருக்கலாம்.

5. புறப்படும்போது காற்று நன்றாக வருகிறது. அரை மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குறைகிறது. சற்று நிறுத்திவிட்டுப் போட்டால் மறுபடி வருகிறது. இப்படியானால் கூலிங் கொயிலில் ஐஸ் கட்டுகிறது என்று பொருள். ஏ.சி. பட்டனை மட்டும் நிறுத்தி விசிறியை ஓட விட்டால் அது உருகிவிடும். பில்டர் அடைப்பு, குளிரை அளக்கும் சென்சரின் பழுது, காஸ் குறைவு ஆகிய மூன்றில் எதனாலும் இது நேரலாம். காஸ் குறைவு காற்றையும் குறைப்பது இங்கே மட்டும்தான்.

பில்டரைப் பார்ப்பது கடினமான வேலையல்ல. பெரும்பாலான ஜப்பானியக் கார்களில், இடப்பக்க ஆசனத்துக்கு முன்னால் காப்புறுதிப் பத்திரம் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் அது இருக்கிறது. பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் பலவற்றில் கீழே இறங்கிவிடும். பில்டரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் விசிறியைப் போட்டுப் பாருங்கள். காற்றுப் பெருகினால் காரணம் கிடைத்துவிட்டது. புதியதைப் போடும்போது அதிலுள்ள அம்புக்குறி பழையது இருந்த திசையிலேயே இருக்கட்டும். கடதாசிப் பில்டரைக் கழுவ வேண்டாம். ஆண்டுக்கொரு முறை அல்லது 15,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. புழுதி வீதிகளில் ஓடுபவர்கள் அதற்கு முன்பே மாற்றலாம். சில சிறிய கார்களில் பில்டரே இருப்பதில்லை. அவற்றில் கூலிங் கொயில் விரைவில் அழுக்காகும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பியூஸ் எரிந்தால் அதே அளவுள்ளதையே போடுங்கள். பெரியதைப் போட்டால் வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் எயார் பேக்கைச் சேர்ந்தவை. காஸ் குழாய்களை ஒருபோதும் கழற்றாதீர்கள். பீறிட்டு வரும் காஸ் தோலையும் கண்ணையும் உறையச் செய்துவிடும்.

காஸைப் பற்றி இன்னொரு செய்தி. அது பெற்றோல்போல் எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பல ஆண்டுகளில் சிறிது கசிவது இயல்பு. சில மாதங்களிலேயே குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது கிழிந்த பையில் அரிசி போடுவதுபோல்தான். நம் வாகனங்கள் பலவற்றிலுள்ள ஆர்-134ஏ என்ற காஸ், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது. நம் பணத்தோடு பிள்ளைகளின் நாளையும் சேர்ந்தே கசிகிறது.

‘காற்றுக் குறைந்தால் என்ன, கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாமே’ என்று எண்ண வேண்டாம். அடைமழையிலும், நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பனிமூட்டத்திலும் முன் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்து பாதையே மறைந்துவிடும். அதைத் துடைத்துத் தருவது இந்தக் காற்றுத்தான். கண்ணாடியும் வளைந்த அம்புகளும் உள்ள பட்டனை அழுத்தி, வெளிக்காற்றைத் திறந்து, ஏ.சி.யையும் போட வேண்டும், ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை நீக்குகிறது. குளிர் தாங்காவிட்டால் சூட்டைக் கூட்டிக்கொள்ளலாம். காற்றுப் பலவீனமாக இருந்தால் இவை எதுவும் பயன் தராது. மலைப்பாதை வளைவில் ஒரு கையால் துணி பிடித்துக் கண்ணாடி துடைக்கும் நிலை எத்தனை ஆபத்தானது!

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதனால் பழைய வாகனங்களையே நம்மில் பலர் பேணி ஓட்டுகிறோம். ஜப்பானிலிருந்து வந்தவற்றின் கைநூலோ ஜப்பானிய மொழியில் இருக்கிறது. நம் கண்ணும் காதும்தான் நமக்குக் கைநூல்.

ஆகவே அடுத்த முறை கராஜுக்குப் போனால், “காற்று பலமாக வருது, குளிர் இல்லை” என்றோ, “குளிர் இருக்கு, காற்றுத்தான் குறைவு, பில்டரைக் கழற்றிக் காட்டுங்கோ தம்பி” என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதனால் கோபப்பட மாட்டார். விளங்கிக் கதைக்கும் வாடிக்கையாளர் அவருக்கும் இலகுதான்.

இந்தக் கிழமையே அந்தப் பெட்டியைத் திறந்து பில்டரைப் பாருங்கள். பார்க்கும்போது மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.