நாத்திகர் வீட்டுப் பஞ்சாங்கம்

"எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நான் கோவிலுக்குப் போவதில்லை, விபூதி பூசுவதில்லை, நேர்ந்துகொள்வதுமில்லை. ஆகவே மதத்திற்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொள்ளும் கனவான்கள் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இன்று ஏராளமாய் இருக்கிறார்கள். நமது கூட்டங்களுக்கு வருகிறார்கள். நமது பத்திரிகையையும் வாங்குகிறார்கள். அதுபற்றி நமக்குச் சந்தோஷமே. ஆனால் அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் மதத்தை விட்டுவிட்டீர்கள் என்பது வாஸ்தவமாகவே இருக்கட்டும். மதம் உங்களை விட்டுவிட்டதா? நீங்கள் குடியிருக்கும் வீடு, கலியாணம் செய்துகொண்ட தேதி, பத்திரம் பதிந்த நாள், பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்த காகிதம், நாளைக்கு உங்கள் பிணத்தை எடுக்கப்போகிற விதம் ஆகிய இவற்றில் எதை உங்கள் புத்தியைக் கொண்டு நீங்களே தீர்மானித்தீர்கள்?

முதலில் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்காரர் வருஷப் பிறப்புக்கு இனாமாகக் கொடுக்கிற தினசரிக் காலண்டர்தான் ஆத்திகர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது, நாத்திகர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. தேதிக்குக் கீழே ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் வரிசையாய் அச்சாகியிருக்கும். ராகுகாலம் என்பது என்ன? காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையுள்ள 12 மணி நேரத்தை எட்டுப் பங்காக்கி, ஒன்றரை மணி கொண்ட ஒரு பங்கைக் கிழமைக்கு ஓர் இடமாக ராகுவுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எமகண்டத்திற்கும் அதேபோல் ஒன்றரை மணி. இரண்டையும் கூட்டினால் வாரத்திற்கு 21 மணி. வாரத்தின் பகற்பொழுது மொத்தமே 84 மணி. எனவே மனிதனுடைய பகலில் நாலில் ஒரு பங்கு எந்த நல்ல காரியத்திற்கும் லாயக்கற்றது என்று ஒரு துண்டுக் காகிதம் தீர்ப்புச் சொல்லுகிறது. குளிகையை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த ராகு எங்கே வருகிறார், எங்கே வருவதில்லை என்பதைக் கவனித்தால் வேடிக்கையாயிருக்கும். திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம். அந்த நேரத்தில்தான் பட்டணத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்குப் புறப்படுகிறார்கள். திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் வந்து நிற்கிறது. ஜனங்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். உத்தியோகஸ்தர் ஒருவராவது ராகுகாலத்திற்காக லீவு போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் அல்லவா? சம்பளத்திற்கு முன் தலைகாட்டப் பயப்படுகிற ராகு, பெண் பார்க்கப் புறப்படும்போதும் புது வண்டி எடுக்கும்போதும் மாத்திரம் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்ளுகிறார்.

மற்றொரு சங்கதி. முன் காலத்தில் நுங்கம்பாக்கத்து வானிலைக் கூடத்தைக் கொண்டு கணக்கிட்ட 'சென்னை நேரம்' என்று ஒன்று இருந்தது. 1906-இல் இந்தியப் பொது நேரம் ஏற்பட்டபோது அதற்கும் இதற்கும் ஏறக்குறைய 9 நிமிஷ வித்தியாசம். சர்க்கார் கடிகார முள்ளைத் திருப்பியவுடன் காலண்டர் ராகுவும் மறுபேச்சில்லாமல் அந்த 9 நிமிஷம் நகர்ந்துகொண்டார். சூரியன் உதிக்கிற நேரத்தை வைத்தல்லவா கணக்கிட வேண்டும் என்று ஜோசியர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அச்சடித்த காலண்டரைப் பார்த்து வாசலில் காத்து நிற்பவர்களிடம் அவர்கள் அதைப் போய்ச் சொல்லட்டும்.

சரி, இதை நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. பத்திரப் பதிவு இலாகா சர்க்கார் இலாகா. சர்க்காருக்கு மதம் இல்லை. ஆனால் 'சுபமுகூர்த்த நாள்' வருகிறதென்றால் அந்த இலாகா கூடுதல் டோக்கன் என்று அறிவிப்புக் கொடுக்கிறது. ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100-க்குப் பதிலாக 150. இருவர் உள்ள இடத்தில் 200-க்குப் பதிலாக 300. ஜனங்கள் அந்த நாளில்தான் திரளாய் வருகிறார்கள், அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்கிறோம் என்று அதிகாரிகள் சமாதானம் சொல்லுவார்கள். அது நியாயம்தான், அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் அடையாறில் ஒரு சிறு வீடு வாங்குகிற நாத்திகனுடைய கதியை யோசித்துப் பாருங்கள். பணம் தயார், பத்திரம் தயார். விற்கிறவரோ, "இந்த வாரம் அஷ்டமி, நவமி, அப்புறம் மாதம் சரியில்லை, அடுத்த முகூர்த்தத்தில் வைத்துக்கொள்வோம்" என்கிறார். கடன் கொடுத்த பாங்கிக்கு அஷ்டமியும் கிடையாது, நவமியும் கிடையாது. அதன் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். பழைய வீட்டுக்கு இன்னும் ஒரு மாத வாடகையும் அழ வேண்டும். கடைசியில் முகூர்த்த நாளன்று நம்பினவர்களோடு நம்பாதவனும் வியர்க்க வியர்க்க வரிசையில் நிற்கிறான். தனக்கு இல்லாத நம்பிக்கைக்குத் தன் பையிலிருந்து பணம் கொடுத்தான் என்பதல்லாமல் இதற்கு வேறு என்ன பெயர்?

கலியாண மண்டபத்து வாடகையும் சமையற்காரர் கூலியும் பூ விலையும் இதே கணக்குத்தான். முகூர்த்த நாளில் எல்லாம் ஏறும், மறுநாள் இறங்கும். வீட்டுப் பெரியவர்களுக்குப் பயந்து பஞ்சாங்கம் பார்த்துவிட்டு, வெளியே வந்து "மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்தது" என்று சொல்லுகிற நமது தோழர்களும் உண்டு. அவர்களுக்கே தெரியும்.

தியாகராய நகரத்துக்கு வருவோம். இந்த நகரத்தின் பெயரே நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயருடையது. நடுவிலிருக்கும் பூங்கா, கோவில் சொத்துக்களைச் சட்டத்திற்குக் கட்டுப்படுத்திய பனகல் அரசருடையது. பாண்டி பஜார் என்கிறார்களே, அதன் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் அவர். இம்மூவர் பெயரையும் தாங்கிய இடங்களைச் சுற்றித்தான் அட்சய திருதியை அன்று நகைக்கடை வாசலில் விடியற்காலை முதல் கூட்டம் நிற்கிறது. நம் பாட்டிமாரில் எத்தனை பேர் அப்படி ஒரு நாளைக் கேள்விப்பட்டிருந்தார்கள்? ஆடித் தள்ளுபடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆடியில் கலியாணம் கூடாது என்றார்கள், ஜவுளி தேங்கிற்று, விலையைக் குறைத்தார்கள். நாத்திகனும் ஆடியில்தான் வேஷ்டி வாங்குகிறான். மதம் நமக்கு ஏதேனும் திருப்பிக் கொடுத்தது என்றால் அது இந்த ஒன்றுதான். ஆகையால் இதை நாம் ஆட்சேபிக்கவில்லை.

இறைச்சிக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகாவீரர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் ஆகிய தினங்களில் சென்னையில் இறைச்சிக் கூடங்களும் கடைகளும் மூடப்படுகின்றன. வள்ளலார் ஜாதியும் கூடாது என்றுதான் சொன்னார். அவர் பெயரைச் சொல்லி ஒரு நாளாவது ஜாதி மூடப்பட்டதாகக் காணோம்.

இவை சில்லறைத் தொல்லைகள். குடியிருக்க வீடு தேடும்போதுதான் மதம் தன் சொந்த முகத்தைக் காட்டுகிறது. நமது தோழர் ஒருவர் மாட வீதிகளுக்கு அருகில் வாடகை வீடு பார்க்கப் போனார். படித்தவர், நல்ல உத்தியோகம், முன்பணம் கையிலேயே வைத்திருந்தார். வீட்டுக்காரர் அவருடைய சம்பளத்தைக் கேட்பதற்கு முன், "நீங்கள் சைவமா?" என்று கேட்டார். "எனக்கு மதமே கிடையாது ஐயா" என்றார் தோழர். "அதைப்பற்றி எங்களுக்கென்ன? சாப்பாடுதான் கேட்டேன்" என்றாராம் வீட்டுக்காரர். பிறகு ஊர் எது, தகப்பனார் பெயர் என்ன என்று விசாரணை நடந்தது. வீடு கிடைக்கவில்லை. சாப்பாட்டைக் கேட்பதாகச் சொல்லி ஜாதியைக் கேட்கிற இந்தச் சாமர்த்தியம், மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர் வரை வீடு தேடி அலைந்தவர்களுக்கெல்லாம் தெரிந்ததே. கோவிலுக்கே போகாதவனுடைய அடுப்பங்கரையில் வந்து எட்டிப் பார்ப்பதற்கு மதத்திற்கு என்ன பாத்தியதை?

நிற்க, சட்டத்தில் நமது நிலைமை என்ன? இதைப் பலர் சரியாக அறியாமலிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம். 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம், முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்ற எல்லோருக்கும் பொதுவாகப் பொருந்துகிறது. எனவே, "நான் இந்து அல்ல, எனக்கு மதமே இல்லை" என்று மேடையில் முழங்குகிறவரும் கலியாணத்திற்கும் வாரிசுரிமைக்கும் சட்டப் புத்தகத்தில் இந்துவாகவே இருக்கிறார். மதத்தில் சேருவதற்கு ஒரு வழி உண்டு, வேறு மதத்திற்குப் போவதற்கும் வழி உண்டு. ஒன்றிலும் இல்லாமல் இருப்பதற்குத்தான் வழி வைக்கவில்லை.

சுயமரியாதைக் கலியாணத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் புரோகிதரில்லாமல் முதல் கலியாணம் நடந்தது. பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு கலியாணத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஓமமும் சப்தபதியும் இல்லை, பழைய வழக்கமும் இல்லை என்பது காரணம். மனமொத்து வாழ்ந்த தம்பதிகளும் அவர்கள் பெற்ற குழந்தைகளும் ஒரே நாளில் சந்தேகத்திற்குள்ளானார்கள். அண்ணா முதல்வரான பின் 1967-இல் சட்டசபை திருத்தம் நிறைவேற்றி, 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. மாலை மாற்றினாலும், மோதிரம் மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றாயிற்று. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இக்கலியாணத்தை ஊரறிய விளம்பரம் செய்துதான் நடத்தவேண்டும் என்பதில்லை என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இவையெல்லாம் நமக்கு வெற்றிகளே. ஆனாலும் அந்தத் திருத்தத்தை ஒருமுறை நிதானமாய்ப் படித்துப் பாருங்கள். 'இரண்டு இந்துக்களுக்கிடையே' நடக்கும் கலியாணம் என்றுதான் அதில் இருக்கிறது. புரோகிதரை விரட்டியாயிற்று, அவர் எழுதிவைத்துப்போன பெயரை விரட்ட முடியவில்லை. நமது பையன் ஒரு முஸ்லிம் பெண்ணையோ கிறிஸ்தவப் பெண்ணையோ மதம் மாறாமல் மணக்க விரும்பினால் 1954-ஆம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டத்தின் கீழ் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அதை யார் யார் படித்துவிட்டு வந்து கலகம் செய்வார்களோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடக் காகிதத்தில் ஜாதி, மதக் கட்டத்தைப் பெற்றோர் விரும்பினால் வெறுமையாய் விடலாம் என்று 1973-லும் 2000-லும் தமிழ்நாட்டு அரசு உத்தரவிட்டிருக்கிறது. ஜாதி மதம் இல்லை என்று சான்றிதழ் கேட்பவர்களுக்கு அதைக் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லோராலும் இதற்குத் துணிய முடியுமா? வகுப்புரிமையைக் கொண்டே தலைநிமிர்ந்த குடும்பம், கட்டத்தைக் காலியாய் விடத் தயங்குகிறது. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைத் தவிர வேறு மதத்தைக் கைக்கொண்டவரைப் பட்டியல் ஜாதியினராகக் கருதுவதில்லை. கடவுளை நம்பாத ஓர் ஆதிதிராவிடத் தோழர், பிள்ளையின் படிப்பை உத்தேசித்து 'இந்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. இழிவையும் கொடுத்து, அந்த இழிவுக்குப் பரிகாரத்தையும் அதே பெயரில் பூட்டி வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதுவரை பிறர் செய்வதைச் சொன்னோம். நாம் செய்வதையும் சொல்லியாக வேண்டும். பகுத்தறிவாளர் என்று பேர் வாங்கிய பலருடைய வீட்டில் ஐயா நாத்திகர், அம்மா வெள்ளிக்கிழமை. ஐயா கூட்டத்தில் பேசிவிட்டு வருகிறார். அம்மா அவருக்காகச் சேர்த்து விரதம் இருக்கிறாள். மாமியார் ஏசாமல் இருக்க அவள் விளக்கேற்றுகிறாள். மகள் பெரியவளானால் சடங்கு சுற்றுகிறவள் அவள். வருஷப் பிறப்புக்குச் சுவரில் பழைய காலண்டரை எடுத்துவிட்டுப் புதிய காலண்டரை மாட்டுகிறவளும் அவளே. ஐயா ஒன்றுக்கும் ஆட்சேபம் சொல்லுவதில்லை. "அவள் நம்பிக்கை, அவள் சுதந்தரம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லுகிறார். உண்மையில் அவர் செய்திருப்பது என்ன? உறவினரோடு சண்டை போடுகிற வேலை தமக்கு வராமல், மதத்தின் பாரம் முழுவதையும் சம்சாரத்தின் தலையில் ஏற்றிவிட்டு, தாம் மாத்திரம் கைவீசி நடக்கிறார். அவள் எதை நம்பி அதைச் செய்கிறாள், எதற்குப் பயந்து செய்கிறாள் என்று ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டதுண்டா? மாமியார் ஏசும்போது, "நான்தான் வேண்டாமென்றேன்" என்று ஒருதரமாவது குறுக்கே நின்றதுண்டா?

சாவிலும் இதே கதைதான். பெசன்ட் நகர் மயானத்திற்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் சடங்கு வேண்டாமென்று வாழ்ந்தவரைப் பாடையில் வைத்தவுடன் மூன்றாம் கால் உறவினர் ஒருவர் முன்னால் வந்து, "மூத்த பிள்ளை எங்கே, கொள்ளிச்சட்டி எங்கே" என்று அதிகாரம் செய்வார். பிள்ளை துக்கத்தில் வாய் திறக்கமாட்டான். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதாக எழுதி வைத்திருந்தாலும், கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். அந்தக் காகிதம் அலமாரியில் எங்கே இருக்கிறதென்றே சம்சாரத்திடம் சொல்லாமல் செத்துப்போன தோழர்களை நாம் அறிவோம். இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் யாரேனும் அப்படி எழுதி வைத்திருந்தால் இன்று இரவே அதை வெளியே எடுத்து, மனைவி மக்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். அந்த 30 நாள் நோட்டீசைப் பற்றி மற்றொரு சமயம் எழுதுவோம்.