இடி இடிச்சா வேலையை நிறுத்து, கூலியை நிறுத்தாதே

இடிமழை என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம். யூரியா மூட்டையைத் தொடாத உழவனுக்கு வானம் இலவசமாகக் கொடுக்கிற தழைச்சத்து அது. மின்னலின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, மழையில் கரைந்து, நைட்ரேட்டாக மண்ணுக்கு வந்துவிடுகிறது. கூட்டங்களில் நானும் இதை எத்தனையோ முறை பேசியிருக்கேன். அந்த மின்னலுக்குக் கீழே கழனியில் யார் குனிஞ்சு நிக்கிறாங்கன்னு மட்டும் பேசினதில்லை.

போன வருஷம் ஆனி மாசம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், பாலாற்றைத் தாண்டி எங்க கழனி. சொர்ணவாரிப் பட்டத்தில் பூங்கார் நட்டிருந்தேன். எட்டுப் பெண்கள் களை பறிச்சிட்டிருந்தாங்க. மதியம் மூணு மணி இருக்கும், கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது: அடுத்த மூன்று மணி நேரத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு. படிச்சேன், பையில் போட்டேன். மேற்கே கருக்கல் கட்டியிருந்தது. "அண்ணா, வானம் ஒரு மாதிரி கீதே, கரை ஏறிடலாமா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. "இந்த ஒரு துண்டுதானேக்கா, முடிச்சுட்டு ஏறிடுங்க"ன்னு சொன்னவன் நான்தான்.

கால் மணி நேரத்தில் பக்கத்துக் கழனி வரப்பில் நின்ற பனையில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. கூட்டத்திலேயே மூத்த ஆயா மட்டும் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால் ரெண்டும் மரத்துப்போச்சுன்னார். அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. மரத்தில் விழுந்த மின்சாரம் ஈர மண் வழியாகப் பரவி, ஊன்றி நிற்கிற கால்களில் ஏறும். அதன் கடைசி வால்தான் அந்த ஆயாவைத் தொட்டது. பனை சில வாரங்களில் மொட்டையானது.

நாலு மாசம் கழிச்சு, அக்டோபரில், கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கம் கழுதூரில் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி ஒரே நேரத்தில் இறந்துபோனார்கள். செய்தியைப் படிச்சப்ப எனக்கு அந்த எட்டுப் பேர் முகம்தான் வந்தது. நாடு முழுக்க 2022-இல் மட்டும் மின்னலுக்கு 2,887 பேர் பலியானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. புயலும் வெள்ளமும் கொன்றவர்களைவிட அதிகம். ஆனால் ஒண்ணு ரெண்டாகச் சாவதால் இது தலைப்புச் செய்தி ஆவதில்லை.

எச்சரிக்கை வரவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. நுங்கம்பாக்கம் வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பை மாவட்ட வாரியாகக் கொடுக்கிறது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, நம்மைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுவதைக் காட்டுகிறது. தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' தமிழிலேயே சொல்கிறது. "ஓரிரு இடங்களில்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள் என்ற குறை எனக்கும் உண்டு. இருந்தாலும் அன்றைக்கு எனக்கு வந்த செய்தி சரியாகத்தான் இருந்தது. அது என் பையோடு நின்றுபோச்சு. களை பறிக்கிறவர்கள் கைபேசியைத் தூக்குச்சட்டியோடு வரப்பில் வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை என்பது கழனிக்காரன் வாயிலிருந்து வருகிற சொல்தான்.

நம்ம மாவட்டத்தில் இது இன்னும் சிக்கல். சித்திரை, வைகாசி வெயில் மண்ணைக் காய்ச்சும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து மேற்குக் காற்றோடு முட்டும். மேகம் மளமளவென்று எழும்பும், சாயங்காலம் இடி. புரட்டாசி வரை இதே கதைதான். சொர்ணவாரியில் நடவு, களை, அறுப்பு எல்லாமே இந்த மாசங்களில்தான் விழுகிறது. களைக்கொல்லி அடிக்கிறவர் கழனியில் ஒரே ஒரு ஆள், ஒரு மணி நேர வேலை. நம்ம கழனியில் எட்டுப் பேர், ரெண்டு நாள். நஞ்சில்லாச் சோறு என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தச் சோற்றுக்காகத் திறந்த வெளியில் அதிக நேரம் குனிந்து நிற்கிறவர்கள் இந்தப் பெண்கள். பொறுப்பும் நமக்குத்தான் அதிகம்.

வெளிப்படையாகவே பேசிடலாம். யாரும் சாக ஆசைப்பட்டுக் கழனியில் நிற்பதில்லை. மூணு மணிக்கு ஏறினால் அரைநாள் கூலி போய்விடும், அல்லது நாளைக்கு வந்து மிச்சத்தைச் சும்மா செய்து கொடுக்கணும் என்ற பயம். மின்னல் தாக்கி இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்க அரசிடம் விதி இருக்கு. உயிரோடு கரை ஏறி வருகிறவருக்கு அரைநாள் கூலி கொடுக்க நம்மிடம் விதி இல்லை. பக்கத்தில் பட்டு நெசவாளர்களைப் பாருங்க. அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் தறி நின்றுவிடும், பாவு காயவில்லை என்றால் வேலை நடக்காது. அந்த நாட்களின் நட்டத்தை நெசவாளரே சுமக்கிறார். அதையே கழனியிலும் கூலிக்காரர் தலையில் ஏற்றாமல் இருக்கலாமே.

அதனால் என் கழனியில் இப்போது ஒரு ஏற்பாடு. இடி கேட்டால் வேலை நின்றுவிடும், முழுக் கூலி உண்டு, மிச்ச வேலைக்கு மறுநாள் தனிக் கூலி. "ஏமாத்துவாங்க"ன்னு பக்கத்துக் கழனிக்காரர் சிரித்தார். அதற்கப்புறம் அந்தப் பட்டம் முடிகிற வரை மூணு அரைநாள்தான் போனது. பஞ்சகவ்யத்துக்கு வாங்கும் நெய்க்குக்கூட அதைவிட அதிகம் செலவழிக்கிறேன்.

இப்போ கொஞ்சம் நம்மவர்களோடு சண்டை போடணும். "பனை இடிதாங்கி, பனை நட்டால் இடிச்சாவு இல்லை" என்று விதை நடுகிற கூட்டத்தில் எல்லாம் சொல்கிறோம். பனை நடுங்க, நானும் நடுகிறேன். நுங்குக்கு, பதநீருக்கு, ஏரிக்கரை உறுதிக்கு. ஆனால் 2016-இல் மின்னலைப் பேரிடராக அறிவித்த வங்கதேசம், லட்சக்கணக்கில் பனை நட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மரம் உயர இருபது வருஷம் ஆகும், நட்டதில் பலவும் பிழைக்கவில்லை. உயர்ந்த பனையும் இடியைத் தன்மேல் வாங்கும், அவ்வளவுதான். வாங்கியதைச் சுற்றி நிற்கிறவருக்கும் பங்கு கொடுக்கும். இடி நேரத்தில் பனையடியில் ஒதுங்குவதைவிட மோசமான இடம் இல்லை. கோயில் கலசம் ஊரையே இடியிலிருந்து காக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இதே வகைதான். கலசத்தில் தானியம் வைத்த முன்னோர் அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் இடிதாங்கி என்றால் உச்சியிலிருந்து பூமிக்குள் வரை அறுபடாத கனமான உலோகப் பட்டை இறங்கணும். அப்படி இருந்தாலும் அது அந்தக் கட்டடத்தைத்தான் காக்கும். ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக் கழனியை அல்ல.

கைபேசி இடியை இழுக்கும் என்பதும் பொய். அதை நம்பி, எச்சரிக்கை வருகிற நேரம் பார்த்து அணைத்து வைக்கிறோம். சார்ஜரில் மாட்டிப் பேசுவதுதான் கூடாது.

இடி கேட்டால் நம்ம ஊரில் "அர்ஜுனா, அர்ஜுனா" என்பார்கள். அதை மின்னல் வெட்டியதிலிருந்து நிதானமாகச் சொல்லத் தொடங்கச் சொன்னேன், ஒரு நொடிக்கு ஒரு அர்ஜுனா. முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கிளம்பணும். தலைக்கு மேல் மழை இல்லை என்று பார்க்கக் கூடாது, மழைக்கு வெகுதூரம் முன்னாலேயே மின்னல் விழும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்கணும்.

எங்கே போவது என்பதுதான் கஷ்டம். ஒட்டு வீடு, பள்ளிக்கூடம் மாதிரி கெட்டியான கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், வேன், பஸ். ஆள் ஏற்றி வருகிற குட்டியானையின் திறந்த பின்பக்கம் உதவாது, கூரைக் கொட்டகையும் தகரக் கொட்டகையும் உதவாது. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர், இரும்புக் குழாய் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்பதும் ஆபத்து. ஓட நேரமே இல்லை என்றால் தண்ணீர் நிற்கிற இடத்தை விட்டு, மரத்தை விட்டு, ஒருத்தருக்கொருத்தர் விலகி, பாதங்களைச் சேர்த்துக் குந்தணும். படுக்கக் கூடாது. ஆனால் இது வேறு வழியே இல்லாதபோது மட்டும். மாட்டை மரத்தில் கட்டிவிட்டு நாம் மட்டும் ஓடுவதையும் விடணும்.

தாக்கப்பட்டவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நிற்கிறார்களே, அந்தத் தயக்கத்திலேயே உயிர் போகிறது. அவர் உடம்பில் மின்சாரம் மிச்சம் இருக்காது. மூச்சும் நாடியும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்கணும், இன்னொருவர் 108-ஐ அழைக்கணும். இதை ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பழகிக்கொண்டால் நல்லது.

மே 1 கிராமசபை வருகிறது, சொர்ணவாரி நடவுக்குச் சரியாக. எங்க ஊரில் இரண்டு தீர்மானம் கொடுக்கப் போகிறேன். இடி எச்சரிக்கை வந்ததும் ஊராட்சி ஒலிபெருக்கியில் சொல்லணும். நூறு நாள் வேலை நடக்கிற ஏரியிலும் குளத்திலும், இடி கேட்டதும் ஆட்களைக் கரை ஏற்றி அன்றைய வருகையை முழுசாகப் பதியணும். உங்க ஊரிலும் கொடுங்க. மூன்றாவதுக்குத் தீர்மானம் வேண்டாம். அடுத்த முறை ஆள் இறங்கும் முன், வரப்பில் நின்று கூலி விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிடுங்க. சொல்லாமல் விட்டால் கேட்கத் தயங்குவாங்க. எங்க ஆயா கேட்டாங்க: "நெசமாத்தான் சொல்றியா, இல்ல அறுப்பப்ப புடிச்சுக்குவியா?"