முள்ளு செத்த வண்டியா பாஸ்?

பழைய வண்டி மேல நம்ம பசங்களுக்கு இருக்கிற காய்ச்சல் இன்னும் இறங்கின மாதிரி தெரியலை. 1985-லேர்ந்து 1996 வரைக்கும் இங்கே தயாரான ஆர்.எக்ஸ்.100-ஆ இருக்கட்டும், 1955-ல இங்கிலாந்துலேர்ந்து வந்து பக்கா மெட்ராஸ்காரனாவே மாறிட்ட புல்லட்டா இருக்கட்டும்... டேங்க்குக்கு பெயின்ட், சைலன்ஸருக்கு க்ரோம், சீட்டுக்குப் புது கவர்னு பார்த்துப் பார்த்துச் செலவு பண்றாங்க. மீட்டர் மட்டும் அநாதை! முள்ளு பூஜ்யத்துல குப்புறப் படுத்திருக்கும். 'எவ்ளோல போற மச்சி?'னு பின்னாடி உட்கார்ந்தவன் கேட்டா, 'ஒரு 60 இருக்கும்டா'னு குத்துமதிப்பா ஒரு பதில். அது 60-ஆ, 85-ஆனு சாமிக்குத்தான் தெரியும்.

சரி, உள்ளே என்னதான் இருக்கு? முன் சக்கரத்து ஹப்புல ஒரு குட்டி பல் சக்கரம். அது ஒரு கேபிளைச் சுத்தும். கேபிளோட மறுமுனை மீட்டருக்குள்ள ஒரு காந்தத்தைச் சுத்தும். காந்தத்தை மூடின மாதிரி ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே தொடாது! ஆனா, காந்தம் சுத்தச் சுத்த கிண்ணத்துல சுழல் மின்னோட்டம் பிறந்து, அதையும் கூடவே இழுக்கும். 'போதும், நில்லு'னு ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் பிடிச்சு நிறுத்தும். இந்த இழுபறியில கிண்ணம் எங்கே நிக்குதோ, அதுதான் முள் காட்டுற வேகம். ஓட்டோ ஷூல்ட்ஸேங்கிற ஜெர்மன்காரர் 1902-ல காப்புரிமை வாங்கின ஐடியா. தொடாமலே இழுக்கிற இந்த சமாசாரத்தை ஃபிசிக்ஸ் கிளாஸ்ல கொட்டாவி விட்டுக்கிட்டே கேட்டிருப்பீங்க.

இது புரிஞ்சிட்டா பாதி ரிப்பேர் முடிஞ்ச மாதிரி. முள்ளும் அசையலை, கிலோமீட்டர் நம்பரும் நகரலையா? பெரும்பாலும் மீட்டர் மேல தப்பில்லை. கேபிள் அறுந்திருக்கும், இல்லைன்னா கீழே பல் சக்கரம் தேஞ்சிருக்கும். மீட்டர் பக்கம் கேபிளைக் கழட்டிட்டு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பாருங்க. உள்கம்பி சுத்தினா மேல கோளாறு, சுத்தலைன்னா கீழே கோளாறு. அவ்ளோதான். நம்பர் ஓடுது, முள் மட்டும் படுத்திருக்குன்னா காந்தம், கிண்ணம், ஸ்பிரிங் பக்கம் வியாதி. முள் ஓடுது, நம்பர் மட்டும் நின்னுடுச்சுன்னா உள்ளே இருக்கிற பொடிப் பல் சக்கரம் ஏதோ ஒண்ணு உடைஞ்சிருக்கும்.

முள்ளு டான்ஸ் ஆடுதா? கேபிளை உருவி, உள்கம்பியை மேஜை மேல நீட்டி வெச்சு, ஒரு முனையை விரலால மெதுவா உருட்டுங்க. மறுமுனை வழுக்கிக்கிட்டு சுத்தினா ஓகே. நின்னு நின்னு துள்ளினா கம்பி மடங்கிடுச்சுனு அர்த்தம், மாத்திடுங்க. காய்ஞ்சு போயிருந்தா கிரீஸ் தடவினா போதும். ஆனா கவனம்... கீழ்ப்பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு மட்டும். மீட்டர் பக்கம் இருக்கிற கடைசிப் பகுதியை விட்டுடுங்க. கம்பி சுத்தச் சுத்த கிரீஸ் அப்படியே மேல ஏறும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல போய் உட்கார்ந்துச்சுன்னா, ரெண்டும் ஒட்டிக்கிட்டு, நீங்க 30-ல உருட்டும்போதே முள் 100-க்குத் தாவும். 'செம பிக்கப் மாமு'னு சந்தோஷப்பட்டா கம்பெனி பொறுப்பில்லை!

மீட்டரையே பிரிக்கிறது வேற கதை. கண்ணாடியைச் சுத்தி மடிச்சு விட்டிருக்கிற தகட்டை நெம்பணும். அந்தச் சுருள் ஸ்பிரிங்கை விரல் தட்டினா போச்சு. முதல் முயற்சியை உங்க சொந்த மீட்டர்ல பண்ணாதீங்க. சென்னைல புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் விக்கிற இடத்துல ஒரு செத்த மீட்டரை வாங்கி, அதை அறுத்துப் பழகுங்க. டயலை பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்கவே கூடாது. தூசியோட சேர்ந்து நம்பரும் போயிடும்.

எனக்குத் தெரிஞ்ச பாலிடெக்னிக் பையன் ஒருத்தன், அவங்க அப்பாவோட ஆர்.எக்ஸ்.100-ஐ ஒரு கடையில விட்டான். 'மீட்டர் செட்டையே மாத்திடலாம் தம்பி, அரை மணி நேர வேலை'ன்னாங்க. இவன் ஒத்துக்கலை. 'அண்ணே, அதுல இருக்கிற 61 ஆயிரம் கிலோமீட்டரும் எங்க அப்பா ஓட்டினது. அவரு இப்ப இல்லை. புது மீட்டர்ல பூஜ்யம்தானே காட்டும்?'னு கேட்டிருக்கான். கடைக்காரர் சிரிச்சுட்டாராம். அப்புறம் மீட்டர் மட்டுமே ரிப்பேர் பண்ற ஒரு பெரியவரைத் தேடிப்பிடிச்சான். ரெண்டு நாள் எடுத்து, பழைய மீட்டர் ஒண்ணுலேர்ந்து கிண்ணத்தையும் ஸ்பிரிங்கையும் எடுத்து மாட்டிக் கொடுத்தார் அவர். நம்பர் மேல கையே வைக்கலை.

இந்த நம்பர் மேட்டர்ல நான் கொஞ்சம் கறார். பழைய வண்டியை விக்கிறதுக்கு முன்னாடி மீட்டரைப் பின்னாடி சுத்துறது அப்பட்டமான மோசடி. வாங்குறவன் அந்த நம்பரை நம்பித்தான் இன்ஜின் ஆயுளைக் கணக்குப் போடுறான். வேற வழியே இல்லாம மீட்டரை மாத்தினீங்கன்னா, பழைய நம்பரையும் தேதியையும் ஒரு பேப்பர்ல எழுதி ஆர்.சி. கூட வெச்சிடுங்க. விக்கும்போது சொல்லிடுங்க.

புல்லட் பசங்களுக்கு எக்ஸ்ட்ரா ஒரு மீட்டர் உண்டு... ஆம்மீட்டர்! பேட்டரிக்கு கரன்ட் ஏறுதா, இறங்குதானு காட்டுற குட்டி வட்டம். நிறைய பேர் அதை அழகுக்கு வெச்சதா நினைக்கிறாங்க. பாயின்ட்ஸ் இருக்கிற பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்ற ரகசியமே அதுலதான் இருக்கு. சாவியைப் போட்டுட்டு கிக்கரை மெதுவா அழுத்தினா, பாயின்ட்ஸ் சேரும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், பிரியும்போது நடுவுக்கு வரும். கிக்கர் இறுகி, முள் நடுவுக்கு வர்ற இடத்துல டிகம்ப்ரஸரைப் பிடிச்சு, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுட்டு ஒரே மிதி! கணுக்காலும் தப்பிக்கும்.

ஓடும்போதும் முள் மைனஸ்லயே நிக்குதுன்னா மீட்டரைத் திட்டாதீங்க, அது உண்மையைத்தான் சொல்லுது. பேட்டரி சார்ஜ் ஏறலை, ஆல்டர்னேட்டர், ரெக்டிஃபையர் பக்கம் பாருங்க. ஹெட்லைட் போட்டா ப்ளஸ்ல ஏறுதா? பின்னாடி ரெண்டு வயரும் இடம் மாறியிருக்கு. அதிர்வுல அந்த நட்டு லூஸாகி மொத்தக் கரன்ட்டும் கட் ஆகிறதும் உண்டு. அங்கே ஸ்பானர் வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி வயரைக் கழட்டிடுங்க. ஸ்பானர் பாடியில பட்டா, வயரிங் மொத்தமும் புகையும்.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு டெஸ்ட். ஃப்ரெண்டைப் பின்னாடி உட்கார வெச்சு, அவன் செல்போன்ல ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்க. காலி ரோட்டுல நேரா 40-ல போங்க. மீட்டர் ரெண்டு மூணு கூடுதலாக் காட்டினா பரவாயில்லை. குறைச்சுக் காட்டினாத்தான் ஆபத்து, நீங்க நினைக்கிறதைவிட வேகமாப் போறீங்க. முன்னாடி வேற சைஸ் டயர் மாட்டியிருந்தாலும் கணக்கு தப்பும், அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

அடுத்த வாரம் கார்புரேட்டர். பழைய டூத் பிரஷ் ஒண்ணு எடுத்து வைங்க!